‘பிராம்பிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எல்லா இடத்திலும் ‘முட்புதர்’ என்று எழுதலாமா?

கேள்வி: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் இயற்கையைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றை ஒரு பதிப்பகத்துக்காகத் தமிழாக்கி வருகிறேன். அவற்றில் ‘பிராம்பிள்’ என்னும் சொல் அடிக்கடி வருகிறது. ஒரு சொல்லுக்கு நூல் முழுவதும் ஒரே தமிழ்ச்சொல்தான் வர வேண்டும் என்பது பதிப்பாசிரியரின் விதி. ஆகவே அகராதியைப் பார்த்து எங்கும் ‘முட்புதர்’ என்றே எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்க்கும்போது திகைத்துப் போனேன். ஸ்காட்லாந்தில் ஒரு மூதாட்டி ‘முட்புதர் ஜாம்’ காய்ச்சுகிறார். ‘முட்புதர்த் தீவின்’ எலி அழிந்துபோகிறது. கடலின் நடுவே ‘முட்புதர்த் திட்டில்’ கிரிக்கெட் ஆடுகிறார்கள். ‘பிராம்பிளிங்’ என்னும் பறவை என் கையில் ‘முட்புதர்க் குருவி’ ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் சூரை என்றொரு முட்செடி உண்டு. அதன் கறுத்த பழங்களைச் சிறுவயதில் பறித்துத் தின்றிருக்கிறேன். அந்தப் பெயரையே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகுமா? அச்சுக்குப் போகும் முன் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

ஐயா, சூரை வேண்டாம். வளைந்த முள்ளும் கறுத்த பழமும் பார்வைக்கு ஒத்துப்போகலாம். ஆனால் சூரை இலந்தையின் இனத்தைச் சேர்ந்தது; பழத்துக்குள் ஒரே கொட்டைதான் இருக்கும். பிராம்பிள் ரோஜாக் குடும்பத்தில் ‘ரூபஸ்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் பழம் ஒரு காம்பின் மேல் திரண்டு நிற்கும் சிறு பழங்களின் கூட்டம். சிறு பழம் ஒவ்வொன்றிலும் ஒரு விதை உண்டு. வில்லாக வளையும் அதன் தண்டின் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு அடுத்த செடியாக எழுவதால்தான், கவனிக்காமல் விட்ட நிலத்தைச் சில ஆண்டுகளில் அது மூடிவிடுகிறது.

ஆங்கிலேயர்களிடமே இந்தச் சொல் ஒரு பொருளில் நிற்பதில்லை என்பதைத் தாங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் செடியையும் புதரையும் குறிக்கும். பழத்தைப் பிளாக்பெர்ரி என்பார்கள். ஸ்காட்லாந்தில் பழத்துக்கே பிராம்பிள் என்று பெயர். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் ராஸ்பெர்ரியையும் சேர்த்து அப்படி அழைப்பதுண்டு. ஆகவே மூதாட்டி காய்ச்சியது பிளாக்பெர்ரி ஜாம். வேலியோரம் வருமிடத்தில் ‘பிளாக்பெர்ரிப் புதர்’ என்று எழுதுங்கள்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் ரூபஸ் இனங்கள் இயல்பாகவே வளர்கின்றன. மஞ்சள் பழம் தருவது ஒன்று. கருஞ்சிவப்புப் பழம் தருவது மற்றொன்று. பறித்தால் காம்பின் மேடு செடியிலேயே நின்றுவிட, பழம் தொப்பி போல உள்ளே வெறுமையாகக் கையில் வரும். அது ராஸ்பெர்ரியின் குணம். பிளாக்பெர்ரியில் அந்த மேடும் பழத்தோடு சேர்ந்தே வந்துவிடும். எனவே நம் மலைப் பழத்தின் பெயரையும் அப்படியே எடுத்து ஒட்ட இயலாது.

மறுமொழி: கடலோர வாசகர்

சூரை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கடற்கரையில் சூரை என்றால் மீன். ஆங்கிலத்தில் டூனா எனப்படுவது. ‘சூரைத் தீவு’ என்று எழுதினால் எங்களவர் அதை மீன் கிடைக்கும் தீவு என்றே படிப்பார்கள்.

அந்தத் தீவின் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘பிராம்பிள் கே’ என்பது டோரஸ் நீரிணையின் வடகோடியில், பப்புவா நியூகினியின் ஃபிளை ஆற்று முகத்துவாரத்துக்கு எதிரே கிடக்கும் சிறு மணல் தீவு. 1840களில் அந்தக் கடலை அளவெடுத்த ‘பிராம்பிள்’ என்னும் பிரிட்டிஷ் கப்பலின் பெயரே அதற்கு வந்தது. உடன் சென்ற கப்பலின் பெயர் ‘ஃபிளை’. ஆற்றின் பெயர் அங்கிருந்து வந்தது. அந்த எலியைக் கடைசியாகப் பார்த்தது 2009-இல். கடல்நீர் மீண்டும் மீண்டும் ஏறித் தீவின் செடிகொடிகளை அழித்ததால் அதற்கு உணவும் ஒதுங்கிடமும் இல்லாமல் போயின. அது அழிந்துவிட்டது என்று 2019-இல் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. மனிதரால் நேர்ந்த பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அத்தகைய உயிரின் பெயரை வாசகர் தேடினால் கிடைக்கும்படி ‘பிராம்பிள் கே மெலோமிஸ்’ என்றே விட்டுவிடுங்கள்.

கிரிக்கெட் ஆடும் இடமும் அப்படித்தான். இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள சோலன்ட் கடலில் அமைந்த மணல்திட்டு அது. கடல் மிகவும் வற்றும் நாளில் சிறிது நேரம் வெளிப்படும். அப்போது இரண்டு பாய்மரப் படகுச் சங்கத்தார் படகில் வந்து ஆடிவிட்டு, நீர் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். முள்ளும் புதரும் முளைக்க அங்கே இடமில்லை. ‘பிராம்பிள் மணல்திட்டு’ என்றால் போதும்.

பிராம்பிளிங் என்பது ஃபின்ச் வகைக் குருவி. குளிர்காலத்தில் பீச் மர விதைகளைத் தேடித் தின்பது. அந்தப் பெயரையும் ஒலிபெயர்ப்பாகவே எழுதுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்னும் ஓரிடம் இருக்கிறது. ஒரு கட்டுரையில், மரங்கள் தமக்கு அரசனைத் தேடும் விவிலியக் கதை வருகிறது. அங்கும் பிராம்பிள்தான். அதையும் பிளாக்பெர்ரி ஆக்கிவிடலாமா?

மறுமொழி: விவிலியம் பயில்பவர்

அருள்கூர்ந்து அப்படிச் செய்துவிடாதீர்கள். நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில் ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்தபின் அரசாள ஒப்புக்கொள்வது, தமிழ் விவிலியத்தில் ‘முட்செடி’. மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் பிளாக்பெர்ரியைக் குறிப்பதன்று. வறண்ட நிலத்து முட்செடி ஒன்றைக் குறிக்கிறது. தன் நிழலில் வந்து ஒதுங்குமாறு நிழலே தராத செடி மரங்களை அழைப்பதில்தான் கதையின் கூர்மை இருக்கிறது. சுவையான பழத்தின் பெயரை அங்கே வைத்தால் அது மழுங்கிப்போகும்.

லூக்கா 6:44-ஐயும் பாருங்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்கும் பிராம்பிள் உண்டு. தமிழிலோ அது நெருஞ்சி. அந்த இடத்துக் கிரேக்கச் சொல் ‘பாதோஸ்’. மோசே கண்ட எரியும் செடிக்கும் கிரேக்க விவிலியத்தில் அதே சொல்தான். தமிழில் அது முட்செடி. நெருஞ்சி தரையில் படரும் கொடி, புதரே அன்று. ஆயினும் ‘இதில் திராட்சைப்பழம் பறிப்பதில்லை’ என்ற கூற்று, வெறுங்காலோடு நடந்த தமிழருக்கு அந்தச் சொல்லால் உடனே விளங்கியிருக்கும். என்னைக் கேட்டால் அது நல்ல மொழிபெயர்ப்பு.

கேட்டவர்

தெளிவு கிடைத்தது. ஜாமுக்குப் பிளாக்பெர்ரி, வேலியோரத்துக்குப் பிளாக்பெர்ரிப் புதர், கதைக்கு முட்செடி, தீவுக்கும் திட்டுக்கும் பறவைக்கும் ஒலிபெயர்ப்பு என்று திருத்திவிட்டேன். ஒரே சொல் விதியை இந்தச் சொல்லுக்குத் தளர்த்துமாறு, இந்த மறுமொழிகளையும் இணைத்துப் பதிப்பாசிரியருக்கு இன்றே எழுதுகிறேன்.