வாக்கர் என்றால் நடக்கிறவர் இல்லையாம்!

லீட்ஸ்வாசி:
இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து இருக்கைக்காரரின் குடும்பப் பெயர் வாக்கர். தெருமுனைக் கடைக்குக்கூட காரில்தான் போவார், அதனால் ஒரு நாள் "பெயரில் மட்டும்தான் நடையா" என்று கிண்டல் பண்ணினேன். மனுஷன் சிரித்துக்கொண்டே, "நடந்தது எங்கள் பாட்டன்மார், அதுவும் நின்ற இடத்திலேயே, மூத்திரத் தொட்டிக்குள்" என்றார். கதை விடுகிறார் என்று நினைத்தேன். நிஜம்தான். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தொளதொளவென்று இருக்கும், அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி (அதில் இருக்கிற அம்மோனியாதான் அந்தக் காலத்துச் சோப்பு), பிசுக்குப் போய் இழை இறுகுகிற வரை காலால் மிதிமிதியென்று மிதிப்பார்கள். அப்படி மிதிப்பவர்தான் வாக்கர். 12-ஆம் நூற்றாண்டில் தண்ணீர் விசையில் ஓடும் மரச் சுத்தியல்கள் வர ஆரம்பித்து மிதிக்கிற வேலை குறைந்தது, ஆனால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் 1908-இலிருந்து ஒருத்தர் கைத்தடியோடு வீசி நடக்கிறாரே, அவரும் என்னை மாதிரியே தப்பாகப் புரிந்துகொண்டவர்தான் போல!

டெவன்காரன்:
நான் இருப்பது தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸிட்டர். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் டக்கர் என்ற குடும்பப் பெயர்தான். அதே தொழில்தான், சொல் வேறு. பழைய ஆங்கிலத்தில் வதைப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, துணி பட்ட பாட்டுக்குப் பொருத்தம்தான். ஃபோர் ஸ்ட்ரீட்டில் டக்கர்ஸ் ஹால் இருக்கிறது, 1471-இல் நெசவாளர்களும் இந்த மிதிக்கிறவர்களும் சேர்ந்து கட்டியது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அந்தப் பெயரை நூறு தடவை படித்திருப்பேன், இப்போதுதான் உறைக்கிறது.

மழைக்குருவி:
மூன்றாவது ஆள் எங்கள் ஊரில் இருக்கிறார்: ஃபுல்லர். அதுவும் துணி மிதிக்கிறவர்தான், லத்தீன் வழி வந்த சொல். வடக்கே வாக்கர், தென்மேற்கே டக்கர், கிழக்கு ஆங்கிலியாவிலும் தென்கிழக்கிலும் ஃபுல்லர் என்று பிரிந்து கிடக்கிறார்கள், 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட வரைபடங்களிலும் இது தெரிகிறது. எனக்கு இது தெரிய வந்த விதம்தான் கூத்து. இப்ஸ்விச்சில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா பெயர் ஃபுல்லர். முகத்துக்குப் போட ஊரிலிருந்து கொண்டுவந்த முல்தானி மட்டி பாக்கெட்டை குளியலறையில் வைத்திருந்தேன், அதில் ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்று அச்சடித்திருக்கும். அந்த அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஆட்கள் கம்பளியில் பிசுக்கு எடுக்கிற மண்ணாயிற்றே, நீ மூஞ்சியிலா பூசுகிறாய்?" என்றார்.