ஒரு கிட்னி இல்லைன்னா கருப்பையை ஏன் பார்க்கணும்?

நிவேதா: மாமா, ஒரு எம்ப்ரியாலஜி (கரு வளர்ச்சி) சந்தேகம். பிறவியிலேயே ஒரு கிட்னி இல்லாத பொண்ணுக்குக் கருப்பையையும் ஸ்கேன் பண்ணச் சொல்றாங்களே, ஏன்?

மாமா: கருவுல ரெண்டு பக்கமும் இருக்கிற வுல்ஃபியன் குழாயைப் பிடிச்சா விடை கிடைச்சிரும். 4ஆம் வாரம் புரோநெஃப்ரோஸ்ங்கிற முதல் தற்காலிகக் கிட்னி தலைகாட்டிட்டு மறையும், அதை விட்டுரு. அடுத்து வர்ற இடைக்காலக் கிட்னியான மீசோநெஃப்ரோஸோட குழாய்தான் வுல்ஃபியன். க்ளோயகா (கருவுல குடலும் சிறுநீர்ப் பாதையும் சேர்ற பொது அறை) வரைக்கும் இறங்கும்.

மாமா: 5ஆம் வாரம் அதோட கீழ்முனையில யூரிட்டரிக் மொட்டு கிளம்பும். பக்கத்துல நிரந்தரக் கிட்னியாகப் போற மெட்டாநெஃப்ரிக் திசு ஜிடிஎன்எஃப்ங்கிற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கும், குழாய் செல்லுல இருக்கிற ரெட் (RET) ரிசெப்டார் அதைப் பிடிக்கும். மொட்டு கிளைவிட்டு யூரிட்டர் (சிறுநீர்க்குழாய்), கிட்னிக்குள்ள சிறுநீர் சேர்ற பெல்விஸ், கேலிக்ஸ், கலெக்டிங் டக்ட் ஆகும். ரத்தத்தை வடிகட்டுற நெஃப்ரான் முழுக்க அந்தத் திசுவோட வேலை. மொட்டு வரலைன்னா திசு அழிஞ்சிரும், அந்தப் பக்கம் கிட்னி கிடையாது.

சித்தி: மாமா சொல்ற வாரம் கரு உண்டான நாள்ல இருந்து. ஸ்கேன் ரிப்போர்ட்டோட ஒப்பிட 2 வாரம் கூட்டிக்கோ.

நிவேதா: ஆனா கருப்பை முல்லேரியன்ங்கிற வேற குழாய்ல இருந்துதானே வருது சித்தி?

சித்தி: ஆமா, அது 6ஆம் வாரம் சீலோமிக் எபிதீலியம் (உடற்குழியோட படலம்) உள்ள மடிஞ்சு வர்றது. ஆனா கொழுகொம்பைப் பிடிச்ச கொடி மாதிரி வுல்ஃபியனை ஒட்டித்தான் கீழ இறங்கும். வுல்ஃபியன் எங்க நிக்குதோ அங்க இதுவும் நின்னுரும். அந்தப் பக்கம் மொட்டும் இல்லை, கருப்பையில பாதியும் இல்லை. அதான் ஒற்றைக் கொம்புக் கருப்பை.

சித்தி: தவறவிடக் கூடாதது இன்னொண்ணு: கருப்பை ரெண்டு, ஒரு பக்க யோனி அடைப்பு, அதே பக்கம் கிட்னி இல்லை. திறந்த பக்கத்துல மாதவிடாய் ஒழுங்கா வர்றதால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அடைபட்ட பக்கம் ரத்தம் தேங்கி மாசாமாசம் வலி ஏறும். சின்ன வயசுல கருப்பை ரொம்பச் சின்னது, அல்ட்ராசவுண்டுல ஏமாத்தும். மார்பு வளர ஆரம்பிச்ச பிறகு, வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கிறதுதான் நல்லது.

நிவேதா: சினைப்பை?

சித்தி: பெரும்பாலும் நல்லாவே இருக்கும். அது கோனேடல் ரிட்ஜ்ங்கிற தனி மேட்டுல உருவாகுறது, அதுல முட்டையாகப் போற ஜெர்ம் செல் யோக் சாக்ல (கருவோட மஞ்சள் கருப் பை) இருந்து வர்றது. குழாய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

கார்த்தி அண்ணா: பையன்னா வுல்ஃபியனே எபிடிடிமிஸ், வாஸ் (விந்துக்குழாய்), செமினல் வெசிக்கிள் (விந்துப்பை) ஆகும். அதனால ஒரு பக்க வாஸ் கைக்குத் தட்டுப்படலைன்னா கிட்னியை ஸ்கேன் பண்ணு. ரெண்டு பக்கமும் இல்லைன்னா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் ஜீனையும் சோதி. அந்த ஜீன் கோளாறுல குழாய் கெடுறது மொட்டு பிரிஞ்ச பிறகு, அதனால கிட்னி பொதுவா தப்பிச்சிரும்.

நிவேதா: கிட்னி இருக்கிற இடத்துல காணோம்னாலே இல்லைன்னு எழுதிரலாமா அண்ணா?

கார்த்தி அண்ணா: அவசரப்படாத. கிட்னி இடுப்புக்குழியில உருவாகி 6 முதல் 9 வாரத்துக்குள்ள மேல ஏறும். பாதியில நின்னிருக்கலாம், முதல்ல இடுப்புக்குழியில தேடு. மல்டிசிஸ்டிக்கா (நீர்க்கட்டி நிறைஞ்சு) இருந்து சுருங்கியும் போயிருக்கலாம், கர்ப்பகால ஸ்கேனை வாங்கிப் பாரு.

கார்த்தி அண்ணா: பச்சைக் குழந்தைன்னா இன்னொரு கண்ணி. கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பி தனியா உருவாகுறதால கிட்னி இல்லாட்டியும் அங்கதான் இருக்கும். அழுத்த ஆள் இல்லாம தட்டையா நீட்டிப் படுத்துக்கும். அதைச் சின்னக் கிட்னின்னு ரிப்போர்ட் பண்ணிராத 😄