புதுப்பிப்பு: கட்டுப்போட்ட முகக்காரர் வரும் தொடர் கிடைத்துவிட்டது

ஒரே வீட்டில் எப்போதும் முட்டிக்கொண்டு கிடக்கும் சூப்பர் ஹீரோக்கள், அதில் ஒருவனுக்கு மூளை மட்டும்தான் மனித மூளை, இன்னொருவர் முகமெல்லாம் கட்டு. இது எந்தத் தொடர் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்ன 'அம்ப்ரெல்லா அகாடமி' இல்லை. 'கட்டு' என்ற ஒரே சொல்லைப் பிடித்து 'டூம் பேட்ரோல்' என்றவர்தான் சரி. 2019 முதல் 2023 வரை, 4 சீசன். கதிர்வீச்சு வெளியே வராமலிருக்கத்தான் லாரி என்ற அந்தக் கட்டுப்போட்ட ஹீரோவுக்கு அந்தக் கட்டாம். மனம் கலங்கினால், அதே குழுவில் இருக்கும் ரீட்டாவின் உடம்பு கூழாக வழியும். அதைச் சுத்தமாக மறந்திருந்தேன்.

எதிர்பாராதது: மனித மூளை உள்ள அந்த ரோபோவின் குரல் பிரெண்டன் ஃப்ரேசர், உடைக்குள் நடப்பது வேறொரு நடிகர். அப்புறம், புதுக் கதை என்று நினைத்தேன். மூலக் காமிக்ஸ் 1963-லேயே வந்திருக்கிறது!