கவுண்டமணி படத்தை ஆறு நாட்டுல இருந்து ஒண்ணா பாக்கணும்: நேரம், கருவி ரோசனை சொல்லுங்க

கோபிக்காரன்:
கவுண்டமணி–செந்தில் ரசிகர் குரூப்புல 22 பேர் இருக்கறமுங்க. பாதிப் பேர் கோபி, ஈரோடு, திருப்பூர். மீதி துபாய், சிங்கப்பூர், லண்டன், நியூஜெர்சி, மெல்போர்ன். படம் யூடியூப்ல இருக்குது, சுமார் இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை பொழுதோட 6:30-க்கு வெக்கலாம்னு நெனப்பு. சரியா வருமுங்களா? ஒருத்தர் ஸூம்ல போட்டு மத்தவங்க பாத்தா போதாதா?

நூல்கண்டு:
சனிக்கிழமை வேண்டாமுங்க. திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல அன்னைக்குத்தான் வாரச் சம்பளம், அவங்க வந்து சேர்ற நேரம் சொல்ல முடியாது. 6:30-ம் ஆகாது: மெல்போர்ன்ல அப்பவே ராத்திரி 11, படம் முடிய ஒன்றரை தாண்டிரும்.

ஞாயிறு 4:30 வெய்யுங்க. துபாய் 3, சிங்கப்பூர் இரவு 7, மெல்போர்ன் இரவு 9, லண்டன் பகல் 12, நியூஜெர்சி காலை 7. இருக்கறதுல நியூஜெர்சிக்காரங்களுக்குத்தான் சிரமம், அதனால அவங்க 7 மணியை நிலையா வெச்சுக்கிட்டு நம்ம நேரத்தை மாத்திக்கறது நல்லது. நவம்பர் முதல் ஞாயிறுல அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போகும். அன்னைல இருந்து நமக்கு 5:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 4:30.

லண்டன்காரங்களுக்குத் தனியாச் சொல்லிருங்க. அங்க மாத்தறது அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். அவங்க மாத்தற நாளுக்கும் அமெரிக்கா மாத்தற நாளுக்கும் இடையில வர்ற ஞாயிறுகள்ல அவங்களுக்கு 12 இல்லை, 11. மெல்போர்ன்ல அக்டோபர் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால போயிரும், அதனால நவம்பர்ல அவங்களுக்கு இரவு 11. வேற வழியில்லைங்க.

ரீல்பெட்டி:
ஸூம்ல போட வேண்டாம். இலவசக் கணக்குல 40 நிமிஷத்துல கட்டாயிரும். ஓடிடி படம்னா திரையே கருப்பாத்தான் தெரியும். அதெல்லாம் தாண்டி வந்தாலும், போடறவரோட நெட் திக்கினா 22 பேருக்கும் திக்கும். அவங்கவங்க போன்ல, டிவில தனித்தனியா ஓட்டுங்க, தொடங்கற நொடி மட்டும் ஒண்ணா இருக்கட்டும்.

முதல்ல எல்லாரும் ஒரே லிங்க். அதே படம் நாலு சேனல்ல இருக்கும், ஒண்ணுல பாட்டு வெட்டியிருப்பாங்க. பழைய PAL டிவி முறை டிவிடில இருந்து ஏத்தினதுன்னா வேகமே கூட: நொடிக்கு 24 பிரேம் 25 ஆகறதால 150 நிமிஷப் படம் 144-ல முடிஞ்சிரும். அதனால மொத்த நேரம் எல்லாருக்கும் நொடி வரைக்கும் ஒண்ணா காட்டுதான்னு பாருங்க. சில லிங்க் சில நாட்டுல திறக்காது, நாட்டுக்கு ஒருத்தர் ரெண்டு நாள் முன்னாடியே தொட்டுப் பாத்துரணும்.

4:30-க்கு எல்லாரும் கூடி, படத்தைத் தட்டி, முன் விளம்பரத்தை ஓடவிட்டு, நிறுத்தி 0:00-க்கு இழுத்து வெக்கணும். வாட்ஸப்ல "மூணு, ரெண்டு, ஒண்ணு"ன்னு டைப் பண்ணாதீங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நேரத்துல போய்ச் சேரும். போன் கடிகாரத்துல சரியா 4:35:00 ஆனதும் தட்டறது. வெளிநாட்டுக்காரங்களுக்கு 5-வது நிமிஷம்னு எழுதுங்க. நம்ம நேரம் அரை மணி தள்ளி இருக்கறதால அவங்க கடிகாரத்துல 35 வராது.

இதுல நெம்ப வசதி என்னன்னா, நடுவுல விளம்பரம் வந்து பின்தங்கினவர் யாரையும் கேக்க வேண்டியதில்லை. மணி 5:20:00-ன்னா படம் 45:00-ல இருக்கணும், அங்க இழுத்துக்குவாரு. நாலஞ்சு நொடிதான் பின்னன்னா இழுக்க வேண்டாம், வேகத்தை 1.25 வெச்சா 4 நொடி 16 நொடில சரியாயிரும். முன்னால போனவர் நிறுத்திக் காத்திருக்கட்டும். சண்டைப் படத்துல மூணு நொடி பரவாயில்லைங்க. கவுண்டமணி படத்துல பதில் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் சிரிச்சா மத்தவங்களுக்கு அந்த இடம் போச்சு.

கோபிக்காரன்:
சரிங்க. சிரிப்புச் சத்தம் கேக்கணும், அதுக்கு?

ரீல்பெட்டி:
வாட்ஸப் குரூப் கால். 32 பேர் வரைக்கும் வரலாம், நேரக் கெடு கிடையாது. மைக்கைத் திறந்து வெக்கறவங்க அஞ்சாறு பேர் போதும், அவங்க கட்டாயம் ஹெட்போன் போடணும். ஒருத்தர் டிவி ஸ்பீக்கர்ல விட்டாலும் வசனம் ரெண்டு தடவை கேக்கும். எழுதறவங்க "52:10, அடேங்கப்பா"ன்னு படத்து நேரத்தோட எழுதணும். இடைவேளை அட்டை வந்ததும் எல்லாரும் நிறுத்திட்டு 10 நிமிஷம் எந்திரிச்சுப் போங்க, மறுபடி ஒரு முழு நிமிஷத்துல தொடங்குங்க. அதுக்கப்புறம் கணக்கு புதுசு, அந்தத் தொடக்க நேரத்தையும் அட்டை வந்த நிமிஷத்தையும் குரூப்புல பின் பண்ணி வெச்சிருங்க.

நூல்கண்டு:
தினம் 1.5 ஜிபி பேக் வெச்சிருக்கறவங்க தரத்தை 480-க்கு இறக்கிக்கங்க. எச்டில விட்டா பாதிப் படத்துல தீந்துரும், அன்னைக்கு ராத்திரி 12 வரைக்கும் புதுசா வராது.