பொருள்: ‘பிளேஸ்ஹோல்டர்’ – தமிழில் என்ன எழுதலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கையேடு எழுதுபவர்:

வணக்கம்.

பெர்ல் நிரல்மொழியில் தரவுத்தளத்தைக் கையாளுவது பற்றித் தொடக்கநிலை மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஆறு அத்தியாயம் முடிந்துவிட்டது. ஏழாவது, வழக்கமாக வரும் பிழைகளைப் பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் மாணவர்கள் பொதுவாக இப்படி எழுதுகிறார்கள்: வேர் பெயர் = '$பெயர்' (‘வேர்’ என்பது WHERE, நிபந்தனை சொல்லும் சொல்). வாக்கியம் முழுவதும் இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதால் பெர்ல் அந்த மாறியின் மதிப்பை அப்படியே அங்கே ஒட்டிவிடும். நூறு பெயர்களுக்கு ஒழுங்காக ஓடும். அடுத்து ஓ'பிரையன் என்று ஒரு பெயர் வரும். அதன் நடுவே இருக்கும் ஒற்றை மேற்கோள், எஸ்க்யூஎல் வாக்கியத்தின் மேற்கோளை மூடிவிடும். மிச்சமிருக்கும் ‘பிரையன்’ எதனோடும் சேராமல் நிற்க, தொடரமைப்புப் பிழை என்று நிரல் நின்றுபோகும். இதே ஓட்டை வழியாக ஒருவர் வேண்டுமென்றே கட்டளையையே மாற்றிவிடவும் முடியும்.

தீர்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். மதிப்பு வரவேண்டிய இடத்தில் ? போட்டு, வாக்கியத்தை முதலில் ‘ப்ரிபேர்’ (தயார்) செய்து, பிறகு ‘எக்ஸிக்யூட்’ செய்யும்போது (இயக்கும்போது) மதிப்பைத் தனியே கொடுப்பது. அந்த ?-க்கு, பெர்லைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நிரல்தொகுதியான டிபிஐயின் ஆவணம் சொல்லும் பெயர் பிளேஸ்ஹோல்டர். இந்த அத்தியாயத்தில் மட்டும் 40 இடங்களில் வருகிறது. முதல் வரைவில் ‘ஒதுக்கிடம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி நினைவகத்தில் இடம் ஒதுக்குவதாகப் புரிந்துகொண்டார். எனவே அது போயிற்று. உங்கள் பரிந்துரைகள் வேண்டும்.

தமிழாசிரியர்:

அன்புடையீர்,

நிரல் எழுதத் தெரியாதவன் நான். ஆனால் நீங்கள் சொன்ன சிக்கல் எனக்கு மிகப் பழக்கமானது. அது புணர்ச்சிச் சிக்கல்.

‘குன்றேறாமா’ என்ற தொடரை எப்படிப் பிரிப்பீர்கள்? குன்று + ஏறா + மா என்றால் குன்றில் ஏறாத விலங்கு. குன்று + ஏறு + ஆமா என்றால் குன்றில் ஏறுகின்ற காட்டுப்பசு. ஒரே எழுத்து வரிசைக்கு நேர்மாறான இரண்டு பொருள். ‘செம்பொன்பதின்தொடி’யும் அப்படித்தான்: செம்பொன் பதின்தொடியா, செம்பு ஒன்பதின்தொடியா? சொற்கள் ஒட்டிய பிறகு எல்லை எங்கே என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஓ'பிரையன் வந்து ஒட்டியதும் உங்கள் வாக்கியத்தில் நடந்தது இதுவே. வருமொழி வந்து நிலைமொழியின் எல்லையைக் கலைத்துவிட்டது.

அப்படியானால் நீங்கள் தேடும் சொல், ‘எல்லை முன்பே பிரிக்கப்பட்டுவிட்டது, இனி வருவது புணராது’ என்பதைச் சொல்ல வேண்டும். என் பரிந்துரை: பெய்குறி. பெய்தல் என்றால் இடுதல், உள்ளே வைத்தல். மதிப்பைப் பெய்வதற்கான குறி. பெய்த, பெய்கின்ற, பெய்யும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. ஆகவே வலி மிகாது. ‘பெய்க்குறி’ என்று எழுதிவிட வேண்டாம்.

இன்னொன்று. ‘ப்ரிபேர்’ செய்த வாக்கியத்தை நாம் வாய்பாடு என்றே சொல்லலாம். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்பவை என்ன? எந்தச் சொல் வந்தாலும் அசை அமைப்பு மாறாத அச்சுகள். வாய்பாட்டை முதலில் வைத்துக்கொண்டு சொல்லைப் பிறகு அமைக்கிறோம். எத்தனை முறை வேண்டுமானாலும் அமைக்கலாம். உங்கள் தரவுத்தளமும் இதைத்தானே செய்கிறது?

தரவுத்தள நிரலர்:

ஐயா, குன்றேறாமா எடுத்துக்காட்டை இனி நான் எங்கும் சொல்வேன். இத்தனை தெளிவாக இதை யாரும் விளக்கியதில்லை.

ஆனால் பெய்குறி வேண்டாம். மழைதான் நினைவுக்கு வருகிறது. என் கருத்து எளிது: பிளேஸ்ஹோல்டர் என்றே இருக்கட்டும். மாணவர் பிழைச்செய்தியை ஆங்கிலத்தில்தான் பார்க்கப்போகிறார். அதில் இருக்கும் சொல்லைத் தேடினால்தான் விடை கிடைக்கும். பெர்ல், டிபிஐ இரண்டையும் மொழிபெயர்க்காமல் விட்டோம். இதையும் விடுவதில் என்ன குறை?

> வாய்பாடு

கணக்கு வாய்பாடு, வேதியியல் வாய்பாடு என்று ஏற்கெனவே இரண்டு பேர் அந்த வீட்டில் குடியிருக்கிறார்கள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

வகுப்பு எடுக்கும் ஆசிரியை:

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். பெர்ல், டிபிஐ இரண்டும் பெயர்கள், அவற்றை மொழிபெயர்க்க முடியாது. பிளேஸ்ஹோல்டர் ஒரு கருத்து. பெயரையும் கருத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், தம்பி. கருத்தை வேற்றுமொழியில் மனப்பாடம் செய்யும் மாணவர் அதை எங்கே தவறாகப் பயன்படுத்துகிறார் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

முதல் தவறு: '?' என்று ஒற்றை மேற்கோளுக்குள் போடுவது. பழைய பழக்கம், சரம் (எழுத்துத் தொடர்) என்றால் மேற்கோள் வேண்டுமே என்று. மேற்கோளுக்குள் போனதும் அது வெறும் வினாக்குறி எழுத்து. பிறகு ஒரு மதிப்பைக் கொடுத்தால், தேவைப்படுவது 0, கொடுத்தது 1 என்று பிழை வரும். மாணவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. கண்ணெதிரே ? இருக்கிறதே!

இரண்டாவது, அட்டவணையின் பெயருக்கோ நெடுவரிசையின் பெயருக்கோ ? போடுவது. எந்த அட்டவணை என்றே தெரியாமல் தரவுத்தளம் வாக்கியத்தை எப்படித் தயார்செய்யும்? அந்தப் பெயர்களை, அனுமதித்த பட்டியலில் இருக்கிறதா என்று நாமே சரிபார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பட்டியலில் ஏதேனும் ஒன்றா என்று கேட்கும் ‘இன் (?)’ எழுதிவிட்டு, காற்புள்ளியால் இணைத்த ஐந்து எண்களை ஒரே சரமாகக் கொடுப்பது. சில தரவுத்தளங்களில் பிழைகூட வராது, சரியான விடை வராமல் போய்விடும். ஐந்து எண்ணுக்கு ஐந்து ? வேண்டும்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அங்கே வரக்கூடியது ஒரே ஒரு மதிப்பு என்பது அவர்கள் மனத்தில் பதியவில்லை. அதனால் ‘மதிப்பு’ என்பது சொல்லிலேயே இருக்கட்டும் என்கிறேன். மதிப்பிடம். எப்படி?

தமிழாசிரியர்:

அம்மா, மூன்றாவது தவறு இலக்கணத்தில் அப்படியே பால்வழு. ஒன்றன்பால் நிற்க வேண்டிய இடத்தில் பலவின்பால். பெர்லை 1987-இல் வெளியிட்ட லாரி வால் மொழியியல் படித்தவர் என்று இங்கே ஒருவர் முன்பு எழுதியிருந்தார். $ ஒருமைக்கு, @ பன்மைக்கு என்று மாறிகளுக்கே எண் வேறுபாடு வைத்திருக்கிறாராமே. அப்படிப்பட்ட மொழியில் ? மட்டும் ஒருமைக்கே உரியது என்பதை மாணவர்க்கு இப்படிச் சொல்லலாம்: $ வரலாம், @ வரலாகாது.

மதிப்பிடம் ஒலிக்கும்போது மதிப்பிடுதல் வந்து குறுக்கே நிற்கிறது. ‘மதிப்பிடத்தை மதிப்பிட்டு’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதோடு ‘இடம்’ எனக்கு உவப்பில்லை. இலக்கணத்தில் இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை. தவிர, ? என்பது இடம் அன்று, குறி.

குறி என்றதும் ஒன்று தோன்றுகிறது. இந்த ? நமக்கு ஐரோப்பிய அச்சோடு வந்தது. அதற்கு முன் தமிழ் வினாவை எழுத்தாலேயே காட்டியது: எ, யா முதலில், ஆ, ஓ இறுதியில், ஏ இரண்டிலும். இந்த ஐந்தில் ‘யா’ தனித்து நின்றே ‘எவை’ என்று பொருள் தரும். இன்னது என்று அறியப்படாத ஒன்றின் இடத்தில் நிற்கும் சொல். பெயர் = யா! எஸ்க்யூஎல்லைத் தமிழர் படைத்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்போம். பெய்குறிக்கு அடுத்து என் இரண்டாவது பரிந்துரை வினாக்குறியிடு, அல்லது சுருக்கமாக யாக்குறி.

சொற்பட்டியல் பராமரிப்பவர்:

யாக்குறி அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் நம் பட்டியலில் ‘வினவல்’ என்பது தரவுத்தளத்திடம் அனுப்பும் முழு வாக்கியத்துக்கு நிலைத்துவிட்டது. அதற்குள் இன்னொரு வினாவை வைத்தால் மாணவர் குழம்புவார். மேலும் எல்லா இடத்திலும் ? வராது. சில இயக்கிகள் (ஒவ்வொரு தரவுத்தளத்தோடும் டிபிஐயை இணைப்பவை) :பெயர் என்று எழுத விடும், போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் $1, $2 என்கிறது. குறியின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்தால் உருவம் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும்.

நிரப்பிடம் என்று வைக்கலாம். நிரப்பு + இடம். பள்ளியில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ எழுதாதவர் யார்? விளக்கமே தேவையில்லை. ஐயா விரும்பும் வினைத்தொகையும்தான்.

தரவுத்தள நிரலர்:

$1 பற்றி ஒரு எச்சரிக்கை, கையேட்டில் கட்டாயம் சேருங்கள். பெர்லில் $1 என்பது சுருங்குறித்தொடரில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) முதல் அடைப்புக்குள் பிடிபட்டதைக் குறிக்கும் மாறி. இரட்டை மேற்கோளுக்குள் $1 எழுதினால் தரவுத்தளத்துக்குப் போகும் முன்பே பெர்ல் அதை விழுங்கிவிடும். போய்ச் சேருவது ‘பெயர் = ’ என்று பாதியில் நிற்கும் வாக்கியம். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் சிக்கல் இல்லை. ஒரு முழு மாலைப் பொழுதை இதில் இழந்தேன்.

அப்புறம், ஐயா சொன்ன ‘எல்லை முன்பே பிரிக்கப்பட்டது’ பற்றி. எல்லா இயக்கியிலும் அது சொல்லுக்குச் சொல் உண்மை இல்லை. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தின் இயக்கியில், இயல்பான அமைப்பில், வழங்கி (சர்வர்) எதையும் முன்கூட்டித் தயார்செய்வதில்லை. இயக்கியே மதிப்புக்குத் தக்க மேற்கோளும் விடுபடு குறியும் (எஸ்கேப்) சேர்த்து, ? இருந்த இடத்தில் பொருத்தி முழு வாக்கியமாக அனுப்புகிறது. வழங்கியிலேயே தயாராக வேண்டும் என்றால் அதற்கென உள்ள அமைப்பை நாம் தனியே இயக்க வேண்டும். ஆக, ‘நிரப்புதல்’ என்பதுதான் அங்கே நேரடியாக நடப்பது. பிளேஸ்ஹோல்டரை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றால் நிரப்பிடத்துக்கு என் வாக்கு.

வகுப்பு எடுக்கும் ஆசிரியை:

அதே காரணத்துக்காகத்தான் நிரப்பிடம் எனக்குத் தயக்கம், தம்பி. நிரப்புவது என்றால் எழுத்தை ஒட்டுவது என்று மாணவர் நினைப்பார். அந்தப் பழக்கத்திலிருந்து அவரை மீட்கத்தான் இத்தனை பாடு. ஒரு சொல்லின் பகுதியைத் தேட லைக் '%?%' என்று எழுதிவிட்டு, “நிரப்பிடம்தானே, நிரப்பவில்லையே” என்று கேட்பார். விழுக்காட்டுக் குறி மதிப்போடு சேர்ந்துதான் போக வேண்டும் என்பது அந்தச் சொல்லிலிருந்து புரியாது.

புதிதாகக் கற்பவர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நானும் இந்தச் சொல்லைத் தேடித்தான் இந்த இழைக்கு வந்தேன். தொலைபேசி எண் இல்லாதவர்களைத் தேட, தொலைபேசி = ? என்று எழுதி, பெர்லில் மதிப்பில்லாததைக் குறிக்கும் ‘அன்டெஃப்’ கொடுத்தேன். பிழையும் இல்லை, விடையும் இல்லை. தரவு இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். ஏன்?

தரவுத்தள நிரலர்:

அன்டெஃப் அங்கே ‘நல்’ (NULL, மதிப்பே இல்லை என்பதன் எஸ்க்யூஎல் சொல்) ஆகப் போகும். நல் எதற்கும் சமம் ஆகாது, இன்னொரு நல்லுக்கும்கூட. மதிப்பு இல்லாதபோது ‘இஸ் நல்’ என்று வாக்கியத்தையே வேறாக எழுத வேண்டும். அதோடு, இணைக்கும்போதே, பிழை வந்தால் நிரலை நிறுத்தும் டிபிஐ அமைப்பான ‘ரெய்ஸ்எரர்’ 1 என்று வையுங்கள். இயல்பில் அது அணைந்திருக்கும், பிழை வந்தாலும் ஓர் எச்சரிக்கையோடு நிரல் மேலே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் இந்தச் சிக்கலில் உதவாது. அடுத்ததில் உதவும்.

தமிழாசிரியர்:

‘நல்’ என்று எழுதினால் தமிழில் அது நன்மையின் அடி. இன்மைக்கு அந்தச் சொல்லா? இன்மதிப்பு என்று சொல்லலாமே.

சொற்பட்டியல் பராமரிப்பவர்:

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குவோம். இன்று புதன்.

கையேடு எழுதுபவர்:

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். நிரப்பிடத்துக்கு மூன்று வாக்கு, என்னுடையதையும் சேர்த்து. பெய்குறிக்கு ஒன்று, மதிப்பிடத்துக்கு ஒன்று.

அச்சுக்கு நிரப்பிடம் என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘நிரப்பிடம் என்னும் பிளேஸ்ஹோல்டர்’ என்று இருக்கும். ஆசிரியை அம்மாவின் தயக்கம் சரியானது. அதனால் அடுத்த வரியிலேயே, ‘நிரப்பிடத்துக்கு ஒரு மதிப்பு மட்டும் வரும், பெயர் வராது, பட்டியல் வராது, அதைச் சுற்றி மேற்கோளும் வராது’ என்று சேர்த்துவிட்டேன். குன்றேறாமா அத்தியாயத்தின் முதல் பத்தியில் வருகிறது. ஐயா அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.

தமிழாசிரியர்:

மகிழ்ச்சி. எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆமா’வுக்குக் காட்டுப்பசு என்று பொருள் எழுதத் தவறாதீர்கள், பேச்சு வழக்கு ‘ஆமாம்’ என்று படித்துவிடுவார்கள்.

பட்டியலில் நிரப்பிடத்துக்குப் பக்கத்தில் பெய்குறியையும் மாற்றுச்சொல்லாகக் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிரப்பிய பின் நிரப்பிடம் இருக்கிறதா, இல்லையா? எக்ஸிக்யூட் செய்த பிறகும் அதே வாக்கியம் அடுத்த மதிப்புக்குக் காத்திருக்கிறதே. காத்திருப்பது குறி. இதில் என் கருத்து மாறவில்லை.

சொற்பட்டியல் பராமரிப்பவர்:

குறித்துவிட்டேன் ஐயா. நிரப்பிடம், அதன் கீழே பெய்குறி, மதிப்பிடம். மூன்றும் ‘ஆய்வில்’ என்ற நிலையில் இருக்கின்றன.

வகுப்பு எடுக்கும் ஆசிரியை:

இன்று வகுப்பில் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேர் ‘பெய்க்குறி’ என்று வலி மிகுத்து எழுதினார்கள். ஒருவர் மட்டும் நிரப்பிடத்தைச் சுற்றி மேற்கோள் போட்டார்.