அஸ்திவாரச் சுவர் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு உயரம், வரைய முடியல. உதவி ப்ளீஸ், அவசரம்

புதுமனை_சேலம்
வணக்கம். ஏற்காட்டில் மனை, சரிவான இடம். வீட்டுப் படத்தை நானே கம்ப்யூட்டர்ல போட்டுட்டு இருக்கேன். முன்பக்கம் அஸ்திவாரச் சுவர் உயரமா வேணும், பின்பக்கம் குட்டையா. உயரத்தைக் கூட்டினா சுவர் மேல வளருது, கீழ இறங்க மாட்டேங்குது. ஹால் தரையைப் பொத்துக்கிட்டு நிக்குது. தரை ஓரத்துல கோடு கோடா மினுமினுப்பு வேற. ஞாயித்துக்கிழமை இன்ஜினியர் வர்றார், அதுக்குள்ள முடிக்கணும்.

வரைபலகை
என்ன மென்பொருள் என்று சொல்லவில்லை. எந்தப் பதிப்பு, சரிவு எத்தனை அடி, வீட்டு அளவு என்ன, எதுவும் இல்லை. கிளி ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டுமா? கேள்வி கேட்கும் முறை பற்றி மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

ஓசூர் தினா
ப்ரோ, மினுமினுப்புன்னா கிராபிக்ஸ் டிரைவர்தான். அப்டேட் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்.

கோடும்_கோணமும்
ரெவிட்டா (கட்டடம் வரையற சந்தா மென்பொருள்)? சுவரைத் தேர்ந்தெடுத்து பேஸ் ஆஃப்செட்டில் (சுவர் அடியை ஏத்தி இறக்கற அளவு) மைனஸ் கொடுங்க. டாப் கன்ஸ்ட்ரெயின்டை, அதாவது சுவர் உச்சியை, ஹால் லெவலில் கட்டி வைங்க. கீழ்ப்பக்கம் மட்டும் இறங்கும்.

புதுமனை_சேலம்
அந்த ஆப்ஷன் எனக்கு வரலையே. ஸ்வீட் ஹோம் 3டி. லேப்டாப்ல.

வரைபலகை
அதானே பார்த்தேன். சோபா நகர்த்திப் பார்க்கும் பொம்மையில் அஸ்திவாரம் போட வந்தால் இப்படித்தான். ரெவிட் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கோடும்_கோணமும்
சார், சொந்த வீட்டை ஒரு தடவை வரைஞ்சு பார்க்கிறவர் ரெவிட் சந்தா கட்டணுமா? அவர் கேட்டது கேள்வி, அறிவுரை இல்லை.

மல்லிகா_தரைத்தளம்
தம்பி, ஸ்வீட் ஹோம்ல சுவரோட அடி எப்பவும் அந்த லெவலோட (தளத்தோட) எலிவேஷன்லதான், அதாவது அதுக்குக் கொடுத்த உயரத்துலதான் உட்காரும். 'ஸ்லோப்பிங் வால்'னு ஒண்ணு இருக்கு, ஆரம்பத்துக்கு ஒரு உயரம், முடிவுக்கு ஒரு உயரம் கொடுக்கலாம். ஆனா அது தலையை மட்டும்தான் சரிக்கும், அடியை இல்லை. உங்களுக்கு வேண்டியது நேர் எதிர். வழி இருக்கு. வீடு எத்தனை அடி நீளம், முன்னாலிருந்து பின்னால எவ்வளவு ஏறுது, ரோடு எந்தப் பக்கம்?

புதுமனை_சேலம்
நீளம் 40, அகலம் 30. ரோடு பள்ளத்துப் பக்கம். பின்னால 8 அடி ஏத்தம்.

ஓசூர் தினா
டிரைவர் அப்டேட் பண்ணீங்களா?

நாமக்கல்_ராசு
புதுசா ஒரு லெவல் போட்டு எலிவேஷன்ல −8 அடி கொடுங்க. அதுல அஸ்திவாரம் வரைங்க. வேலை முடிஞ்சுது.

மல்லிகா_தரைத்தளம்
மைனஸ் வேண்டாம் ராசு அண்ணா. பூஜ்யத்துக்குக் கீழ போனா அந்த சாஃப்ட்வேர் அதை நிலத்தடின்னு எடுத்துக்கும். சுவர் வளைச்ச இடத்தைக் குழியாத் தோண்டி, வெளிப்பக்கம் மண்ணால மூடிடும். ரோட்டிலிருந்து பார்த்தா அஸ்திவாரமே தெரியாது. இவர் காட்ட நினைக்கிறதே அதைத்தான்.

தம்பி, பூஜ்யத்தைப் பள்ளத்து மூலைக்குக் கொண்டு வாங்க. இப்ப வரைஞ்சிருக்கிற ஹால் லெவலை 'மாடிஃபை லெவல்'ல 8 அடிக்கு ஏத்துங்க. அதுக்குக் கீழ மூணு லெவல் சேருங்க: 0, 2 அடி 8 அங்குலம், 5 அடி 4 அங்குலம். முன்சுவர் முழுக்க 0 லெவல்ல. பின்சுவர் 5 அடி 4 லெவல்ல. பக்கச் சுவர் ரெண்டையும் நீளத்துல மூணு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு லெவல். கீழிருந்து வரைஞ்சுட்டே மேல போங்க, கீழ் லெவல் கோடு மங்கலாத் தெரியும், அதைப் பிடிச்சுக்கலாம். சுவரோட அடிப்பாகம் மூணு படியா ஏறும், தலை எல்லாம் ஒரே மட்டத்துல நிக்கும். உயரம் மட்டும் ஹால் எலிவேஷன்ல முடியக் கூடாது. ஹாலுக்கு ஃப்ளோர் திக்னஸ் (தரையோட கனம்) எவ்வளவு வெச்சீங்களோ அதைக் கழிச்சுப் போடுங்க. சுவர் உச்சியும் தரையும் ஒரே இடத்துல மோதினாதான் அந்த மினுமினுப்பு வரும். டிரைவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஓசூர் தினா
என் லேப்டாப்ல டிரைவர்தான் பிரச்சினையா இருந்துச்சு. சரி விடுங்க.

கருங்கல்_குமார்
சாஃப்ட்வேர் கிடக்கட்டும். 8 அடிக்கு மண் நிரப்பி வீடு கட்டப் போறீங்களா? அது வெறும் அஸ்திவாரம் இல்லீங்க, தடுப்புச் சுவர். கருங்கல் கட்டு, கீழே அகலமா, மேலே வரவரக் குறையணும், வீப் ஹோல் (தண்ணி வடியற ஓட்டை) விடணும். மலையில மழைத் தண்ணி மண்ணுக்குள்ள தேங்கினா சுவரைத் தள்ளிடும்.

சிவில்_செந்தில்
அந்த மண்ணையே ஏன் நிரப்பணும்? காலம் (கான்கிரீட் தூண்) எழுப்பி, கிரேடு பீம் (தூண்களை இணைக்கிற உத்திரம்) போட்டு, கீழே காலியா விடலாமே. கார் நிறுத்திக்கலாம். அவ்வளவு கல்லு ஏத்திட்டுப் போற லாரி வாடகையில பாதிக் கம்பி வந்துடும்.

கருங்கல்_குமார்
மலை மேல காலம் நட்டவங்க கதை எல்லாம் பார்த்தாச்சு. எங்கப்பா கட்டின கல் கட்டு இன்னிக்கும் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது.

சிவில்_செந்தில்
நிக்கும் அண்ணே, இல்லைன்னு சொல்லலை. மண் எப்படின்னு தெரியாம ரெண்டு பேரும் பேசறோம், அதான் விஷயம். கல்லோ காலமோ, அஸ்திவாரத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1904 ரெண்டுக்கும் பொது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே 2 அடி தூரத்துக்கு 1 அடி ஏத்தம்ங்கிற சரிவைவிடச் செங்குத்தா போகக் கூடாது. மல்லிகா அக்கா சொன்ன கணக்குல 13 அடிக்கு 2 அடி 8 தான் ஏறுது, அது தாராளம். ஃபுட்டிங் (அஸ்திவாரத்தோட அகன்ற அடிப்பாகம்) ஓரத்திலிருந்து சரிவோட வெளிமுகம் வரைக்கும் மண்ணுன்னா 90 செ.மீ, பாறைன்னா 60 செ.மீ இருக்கணும். ஆழம் குறைஞ்சது 50 செ.மீ. அதனால வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது படத்துல இருக்கிற அடிக்கும் கீழதான் போகணும். படத்துல 0-ல சுவர் நிக்குதேன்னு அங்கேயே கொத்தனாரை நிறுத்திடாதீங்க.

வரைபலகை
ஏற்காட்டு ஊர்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிக்கு இந்த பொம்மைப் படம் அங்கே செல்லாது.

மல்லிகா_தரைத்தளம்
அனுமதிக்கு இதைக் கொடுக்கறதா அவர் சொல்லவே இல்லையே சார்.

நாமக்கல்_ராசு
யாரும் ஒண்ணு கவனிக்கலை. ஏத்தம் 8 அடி, ஹாலும் 8 அடி. பின்பக்கம் மண்ணும் தரையும் சமமாயிடுச்சு! மலைத் தண்ணி நேரா சமையல்கட்டுக்குள்ள வரும். ஹாலை 10 அடிக்கு ஏத்துங்க, பின்னால வடிகால் ஒண்ணு வெட்டுங்க.

மல்லிகா_தரைத்தளம்
அண்ணா சொல்றது சரி. அப்ப தரை கனம் 6 அங்குலம்னா சுவர் உயரம் முன்னாலிருந்து 9 அடி 6, 6 அடி 10, 4 அடி 2.

மலைச் சரிவையும் காட்டணும்னா ஒரு குறுக்குவழி. 'சேம் எலிவேஷன்' ஆப்ஷன்ல 0-க்கே இன்னொரு லெவல் சேர்த்து, அதுல முன்னாலிருந்து பின்னால ஒரே ஒரு சுவர் வரைங்க. திக்னஸ் 60 அடி. ஸ்லோப்பிங் வால், ஆரம்பம் 1 செ.மீ, முடிவு 8 அடி. உச்சிக்குப் பச்சை நிறம். தனி லெவல்ல இருக்கிறதால மத்த சுவரைத் தொந்தரவு பண்ணாது. சரிவு தலைகீழா வந்தா 'ரிவர்ஸ் வால்ஸ் டைரக்ஷன்'.

கோடும்_கோணமும்
சுவரையே மலையாக்கிட்டீங்களே அக்கா! இது எனக்குத் தோணவே தோணாது.

கருங்கல்_குமார்
செந்தில், காலம் போட்டா பள்ளத்துப் பக்கம் காத்து அடிக்கும், பாம்பு வரும். அதைச் சொல்லலையே?

சிவில்_செந்தில்
பாம்புக்கு ஐஎஸ் கோடு இல்லைண்ணே.

புதுமனை_சேலம்
வந்துடுச்சு. 10 அடி வெச்சேன், மினுமினுப்பும் போச்சு. இன்ஜினியர் படத்தைப் பார்த்துட்டு காலம்தான்னு சொல்லிட்டார். எல்லாருக்கும் நன்றி.

கருங்கல்_குமார்
மண்ணைச் சோதிச்சுப் பார்த்தாரா, படத்தை மட்டும் பார்த்துச் சொன்னாரா?

கருங்கல்_குமார்
தம்பி? இருக்கீங்களா?