ஸ்டுடியோ திட்டம்: "கருத்து இருக்கிறது, அறை இன்னும் வரவில்லை" என்றார்கள். எங்கிருந்து திருத்துவது?

பென்சில்முனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உள்ளக வடிவமைப்புப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தப் பருவத்தின் ஸ்டுடியோ திட்டமாக, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வகுப்புக் கூடத்தை 40 பேர் அமர்ந்து படிக்கும் வாசிப்பு அறையாக மாற்றும் பணியை எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். கூடம் 14 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். நீளச் சுவர் ஒன்றில் மட்டும் ஐந்து சன்னல்கள் இருக்கின்றன. மொத்தம் 10 வாரங்கள். ஆறாவது வாரத்தின் இடைநிலை ஜூரி (ஆசிரியர்கள் குழுவாக வந்து எங்கள் திட்டங்களை மதிப்பிடும் அமர்வு) சென்ற வாரம் முடிந்தது.

என் கான்செப்ட், அதாவது வடிவமைப்பின் மையக் கருத்து, ஆற்றோட்டம். புத்தக அலமாரிகள் வளைந்து செல்லும் கரைகள், மேசைகள் நடுவே உள்ள திட்டுகள், சன்னலோரத்தில் தாழ்ந்த இருக்கைகள் என்று அமைத்திருந்தேன். மூட் போர்டுக்கும் (அறையின் உணர்வைக் காட்டும் படங்களையும் மாதிரிகளையும் ஒட்டிய பலகை) ரெண்டர் படங்களுக்கும் (அறை முடிந்தபின் எப்படித் தெரியும் என்று கணினியில் உருவாக்கும் படங்கள்) மட்டுமே மூன்று வாரங்கள் செலவாயின. ஜூரிக்கு வந்திருந்த வெளி ஆசிரியர் ஒருவர் படங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தளப்படத்தில் ஒரு நாற்காலியின்மேல் விரலை வைத்து, "இதில் உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டுமானால் நாற்காலியை எங்கே தள்ளுவார்?" என்று கேட்டார். மேசை விளிம்பிலிருந்து 50 சென்டிமீட்டரிலேயே அலமாரியின் வளைவு வந்து நின்றது. என்னிடம் பதில் இல்லை. "கருத்து இருக்கிறது, அறை இன்னும் வரவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரின் பலகைக்குப் போய்விட்டார்கள்.

நான்கு வாரங்கள் மிச்சமிருக்கின்றன. கான்செப்டையே கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா, அளவுகளை மட்டும் திருத்துவதா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஸ்டுடியோவில் ஆசிரியர் விடையை நேரடியாகச் சொல்வதே இல்லை; இந்த வாரம் "அலமாரியைக் குறை" என்கிறார், அடுத்த வாரம் "அலமாரி ஏன் இவ்வளவு குறைவு?" என்கிறார். இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

தளப்படம் எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த நாற்காலிக் கேள்வியைக் குறை என்று எண்ண வேண்டாம். அன்றைய ஜூரியில் தங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான் என்பது என் கருத்து. ஒருவர் மேசையிலிருந்து எழ, மேசை விளிம்புக்குப் பின்னால் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் தேவை. அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் கடந்து செல்ல வேண்டுமானால் அது 120 சென்டிமீட்டர் ஆகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் தங்கள் தளப்படத்தின் எல்லா மேசைகளுக்கும் பொருத்திப் பாருங்கள். எத்தனை வளைவுகள் தப்பிப் பிழைக்கின்றன என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கூடத்தின் பரப்பு 105 சதுர மீட்டர், ஆகவே ஓர் ஆளுக்கு அலமாரியும் நடைவழியும் உட்பட 2.6 சதுர மீட்டர்தான் இருக்கிறது. இது போதாத இடமல்ல. தாராளமாகச் செலவழிக்கும் இடமும் அல்ல.

கான்செப்டைக் கைவிட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஆறு என்பது தங்களிடம் இப்போது வடிவமாக மட்டும் இருக்கிறது. அறைக்குள் எது ஓடுகிறது? ஆட்கள் ஓடுகிறார்கள், வெளிச்சம் ஓடுகிறது, சத்தம் ஓடுகிறது. வாசலில் நுழைபவர் புத்தகத்தை எடுத்து, இருக்கை தேடி, பையை வைத்து, அமர்ந்து, மீண்டும் எழுந்து வெளியேறும் பாதையை ஒரே கோடாக வரைந்து பாருங்கள். அந்தக் கோடு எங்கே விரிகிறது, எங்கே சுருங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பதிலிருந்து வளைவு பிறந்தால் அதை எந்த ஜூரியும் அசைக்க முடியாது. 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் குடியிருப்புகளுக்காக கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்டது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், கை எங்கே எட்டுகிறது, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கிலிருந்தே அதன் வடிவம் வந்தது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அந்த அறைக்கு யாரும் மூட் போர்டு செய்ததாகத் தெரியவில்லை. (மூட் போர்டின்மேல் எனக்குக் கொஞ்சம் பகை உண்டு, அதைத் தள்ளுபடி செய்து படியுங்கள்.)

செய்ய வேண்டியது என்று கேட்டால், முதலில் கணினியை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போங்கள். மறுபடியும் அளவெடுங்கள். அளக்கும்போது சுவரின் ஒரு மூலையில் அளவுநாடாவின் சுழியை (0 குறியை) பிடித்துக்கொண்டு, சன்னல், தூண், கதவு எல்லாவற்றையும் அதே சுழியிலிருந்து தொடர்ச்சியாகக் குறியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஏற்படும் சிறு பிழை சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க மறவாதீர்கள். அவை சமமாக இல்லையென்றால் அறை செவ்வகம் அல்ல, தங்கள் தளப்படம் பொய் சொல்கிறது. பிறகு ஒட்டுநாடாவால் ஒரே ஒரு மேசையையும் அதன் நாற்காலிகளையும் அலமாரியையும் தரையில் முழு அளவில் ஒட்டி, நண்பர்களை உட்காரவைத்து எழச் சொல்லுங்கள்.

அடுத்தது வெட்டுத்தோற்றம், அதாவது அறையைச் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற வரைபடம். மாணவர்கள் இதைச் சமர்ப்பிப்புக்கு முந்தைய இரவில் வரைகிறார்கள். நான் கண்ட வரையில் பாதித் திட்டங்கள் கெடுவது இங்கேதான். தளப்படத்தில் நாற்பது வட்டங்களாகத் தெரியும் மனிதர்கள், வெட்டுத்தோற்றத்தில்தான் தலையும் கண்ணும் முழங்காலும் உள்ளவர்களாகிறார்கள். 1:20 அளவில் ஒரு வெட்டுத்தோற்றமும், அதே அளவில் கூடத்தின் ஒரு பகுதிக்கு அட்டை மாடலும் செய்யுங்கள். 1:20-இல் நிற்பவரின் கண் உயரம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர், அமர்ந்திருப்பவருக்கு 6. கைப்பேசியின் கேமராவை அந்த உயரத்தில் வைத்து மாடலுக்குள் படம் எடுத்தால், ரெண்டர் காட்டாத பலவற்றை அது காட்டும்.

ஆசிரியர் விடை சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்குப் புரிகிறது. கட்டடக்கலை ஸ்டுடியோக்களை ஆராய்ந்த டொனால்ட் ஷோன், வடிவமைப்பவர் தன் வரைபடத்துடன் நடத்தும் உரையாடல் என்று இதை விளக்கினார்: நாம் ஒரு கோடு போடுகிறோம், அந்தக் கோடு நாம் எதிர்பாராத ஒன்றைத் திருப்பிச் சொல்கிறது, அதைக் கேட்டு அடுத்த கோட்டைப் போடுகிறோம். தங்கள் ஆசிரியர் இரண்டு வாரங்களில் சொன்ன இரண்டும் முரணாக இருக்க வேண்டியதில்லை. இடையில் தங்கள் வரைபடம் மாறியிருக்கும்.

ஒளியும்_ஒலியும் எழுதியது:

முந்தைய பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் அறை என்பது அளவுகளால் மட்டும் ஆனதல்ல என்பதைச் சேர்க்க வேண்டும். நான் தொழிலில் இருப்பவள். புதிதாகச் சேரும் பட்டதாரிகளிடம் காணும் பெரிய குறை, அறையைக் கண்ணால் மட்டுமே எண்ணுவது.

தங்கள் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 378 கன மீட்டர். தரையும் சுவரும் கூரையும் கெட்டியான பூச்சாக இருந்தால் அவை ஒலியில் சுமார் 5 விழுக்காட்டைத்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம். கன அளவை 0.161-ஆல் பெருக்கி, தரை, சுவர், கூரை எல்லாவற்றின் மொத்தப் பரப்பளவை உறிஞ்சும் விகிதத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், எதிரொலி அடங்க 3.3 நொடிகள் ஆகும் என்று வருகிறது. அந்த அறையில் ஒருவர் நாற்காலியை இழுத்தால் நாற்பது பேரும் தலை நிமிர்வார்கள். கூரையின் பாதிப் பரப்பில் 80 விழுக்காடு உறிஞ்சும் பலகைகளைப் பொருத்திக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 1 நொடியாகக் குறைகிறது. புத்தகங்களும் ஆட்களும் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். இந்தக் கணக்கு இயற்பியலாளர் வாலஸ் சபீன் தந்தது. 1895-இல், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும்படி ஹார்வர்டில் அவரிடம் சொன்னார்கள். அங்கே எதிரொலி அடங்க 5.5 நொடிகள் ஆனது. அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஒட்டுநாடாவால் தரையில் மேசையை ஒட்டுவதும் அதே வகைச் செயல்தான்.

ஒளியைப் பொறுத்தவரை, படிக்கும் மேசையின்மேல் 500 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) வேண்டும். நடைவழிக்கும் அதே அளவைக் கொடுத்தால் அறை தட்டையாகிவிடும், மின்சாரமும் வீண். சன்னல்கள் ஒரே பக்கத்தில் இருப்பதால் எதிர்ச்சுவர் பகலிலும் மங்கலாகவே இருக்கும். அங்கே அலமாரியை நிறுத்திவிட்டு மேசைகளைச் சன்னல் பக்கம் நகர்த்துவது இயல்பான தீர்வு. நிறங்களையும் துணிகளையும் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு மாதிரிகள் விளக்கின்கீழ் வெவ்வேறாகத் தெரிவது உண்டு. எந்த விளக்கைப் போடப் போகிறீர்களோ அதன் கீழேயே மாதிரிகளைப் பரப்பிப் பாருங்கள்.

மூட் போர்டைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். தொட்டுப் பார்க்கக்கூடிய மரத்துண்டும் துணித்துண்டும் இருந்தால் அது மிக நல்ல கருவி. இணையத்திலிருந்து எடுத்த படங்களின் தொகுப்பாக இருக்கும்போதுதான் அது ஏட்டுச் சுரைக்காய் ஆகிறது.

கடைசிப்பருவம் எழுதியது:

நானும் மாணவன்தான், தங்களைவிட இரண்டு ஆண்டு மூத்தவன். கணினியை மூடச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். தவறு மென்பொருளில் இல்லை; கேமராவை 2.5 மீட்டர் உயரத்தில் வைத்து, அகன்ற கோணத்தில் படம் எடுப்பதில்தான் இருக்கிறது. கேமராவை 1.2 மீட்டருக்கு இறக்குங்கள், கோணத்தைச் சுருக்குங்கள், படத்தின் அழகு பாதியாகிவிடும். ஆனால் உண்மை தெரியும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன். ஆசிரியருடனான ஒவ்வொரு மேசை உரையாடலும் முடிந்தவுடன், அவர் சொன்னதை ஒரு பக்கத்திலும், அதனால் நான் மாற்றியதை எதிர்ப்பக்கத்திலும் எழுதி வைப்பேன். நான்காவது வாரம் திரும்பிப் பார்த்தபோது, அவர் வெவ்வேறு சொற்களில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது, என் விஷயத்தில் அது "வாசல் எங்கே?" என்ற கேள்வி. பழைய தாள்களையும் கிழித்துப் போடாதீர்கள். இறுதி ஜூரியில், தாங்கள் முயன்று கைவிட்ட வடிவங்களையும் சுவரில் ஒட்டியவர்களுக்குக் கேள்விகள் குறைவாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பென்சில்முனை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரு தோழியருடன் கூடத்துக்குச் சென்று அளவெடுத்தோம். மூலைவிட்டங்களுக்கு இடையே 6 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. என் வளைந்த அலமாரி ஒரு முனையில் சுவருக்குள்ளேயே புகுந்திருந்தது!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி சன்னலோர இருக்கைகள். ரெண்டரில் அங்கே அமர்ந்திருப்பவர் வெளியே மரங்களைப் பார்ப்பதுபோல் காட்டியிருந்தேன். சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டர். என் இருக்கையின் உயரம் 38 சென்டிமீட்டர், அமர்ந்தவரின் கண் அதற்குமேல் 75 சென்டிமீட்டர் அளவில் வருகிறது. அந்த உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கித் தோழியை உட்காரவைத்தோம். என்ன தெரிகிறது என்று கேட்டேன். "காரை உதிர்ந்த சுவர் தெரிகிறது, அண்ணாந்தால் கொஞ்சம் வானம்" என்றாள். மேடை போட்டு உயர்த்தலாம் என்று முதலில் தோன்றியது. சக்கர நாற்காலியில் வருபவர் அதில் ஏற முடியாது என்பதால் விட்டுவிட்டேன். இப்போது அங்கே உயரமான மேசையும் 70 சென்டிமீட்டர் உயர முக்காலிகளும் வைத்து, அதையொட்டி 75 சென்டிமீட்டர் உயர மேசைகள் இரண்டைச் சேர்த்திருக்கிறேன். அலமாரிகள் எதிர்ச்சுவரோரம் நேராகிவிட்டன. வளைவு மிச்சமிருப்பது கூரையின் ஒலிப் பலகைகளிலும் நடைவழியின் விரிவிலும் மட்டும்தான்.

ஓர் ஐயம். எதிர்ச்சுவரையொட்டி இரண்டு அலமாரி வரிசைகளுக்கு இடையே 100 சென்டிமீட்டர் விட்டிருக்கிறேன். சந்தின் மறுமுனை சுவரில் முடிகிறது. சக்கர நாற்காலிக்கு இது போதுமா?

தளப்படம் எழுதியது:

நேராகச் செல்ல 90 சென்டிமீட்டரே போதும்; ஆனால் திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். சந்து சுவரில் முடிந்தால் அவர் பின்னோக்கியே வெளியே வர நேரிடும். கடைசி அலமாரியை எடுத்துவிட்டு அந்த முனையையும் திறந்துவிடுங்கள். சேர்த்திருக்கும் இரண்டு மேசைகளின் கீழ்க்கட்டையையும் பாருங்கள்: முழங்கால் நுழையத் தரையிலிருந்து 70 சென்டிமீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். அடுத்த வாரம் வெட்டுத்தோற்றத்தை இங்கே இடுங்கள், பார்க்கிறேன்.